நிறுத்தி வச்ச சண்டை

அய்யோ தம்பி, அந்தப் பெட்டியில கை வைக்காதீங்க! எடுங்க, கையை எடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிடுறேன், மெயினை மட்டும் அமத்திராதீங்க. மீட்டர் மாத்தணும்னு கரண்ட் ஆபீஸ்ல அனுப்பிருக்காக, சரி, மாத்துங்க. வேண்டாம்னு நான் சொல்லல. அமத்தாம மாத்த முடியாதா? கொஞ்ச நேரந்தானா? உங்களுக்கு அது கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துல இங்க ஒரு கோட்டை விழுந்துரும். சிரிக்காதீங்க, நான் கிறுக்கி இல்ல. உள்ள வாங்க, வந்து நீங்களே பாருங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், அப்படியே வாங்க.

பாத்தீங்களா? டிவியில தெரியுதா? அசையலையேன்னு நினைக்காதீங்க, நிறுத்தி வச்சிருக்கு. இந்தா, சிவப்பு நாடா கட்டிக்கிட்டு ஈட்டியும் கையுமா ஒத்தக் கால்ல மண்டி போட்டிருக்கால்ல, அது என் மக. மாரிச்செல்வி. இங்கிட்டுக் கதவு கணக்கா ஒரு கேடயத்தைத் தூக்கிக்கிட்டு, தொந்தியும் தாடியுமா நிக்கான் பாருங்க, அது நான். சிரிப்பு வந்தா சிரிச்சுக்கிடுங்க, செல்விதான் எனக்கு அந்த ஆளைப் பாத்து எடுத்துக் குடுத்தா. சுத்தி கருகருன்னு தெரியுறது பூராம் அரக்கப் பயலுக. கொம்பு முளைச்சவன், பல்லு நீண்டவன், ஒத்தக் கண்ணன். அந்த மலையடி வரைக்கும் அவனுக கொடிதான். எங்களுக்குப் பின்னால ஒரு மரக்கதவு தெரியுதா? அதுதான் கோட்டை வாசல். விடியுற வரைக்கும் அந்த வாசலை விடக்கூடாது. அம்புட்டுத்தான் ஆட்டம். ஜப்பான்காரன் செஞ்சதாம். பேரு செல்வி சொல்லுவா, என் வாயில நுழையாது.

ஒரு நிமிசம் இருங்க, பட்டனைத் தொட்டுக்கிடுறேன். ஆங். இதைத்தான் வியாழக்கிழமை சாயங்காலத்துலருந்து செஞ்சுக்கிட்டு இருக்கேன். அப்பப்ப தொடணும். தொடாம விட்டா இந்த கேம் பெட்டி தானா அமந்துரும், பழைய பெட்டி. அமந்தா இந்தச் சண்டை பூராம் அழிஞ்சு போகும், முதல்லருந்து ஆடணும். அதனால குளிக்கப் போனாக் கூட வாளியில தண்ணியை மோந்து ஊத்திக்கிட்டு ஈரச் சேலையோட ஓடி வந்துருவேன். கோழித் தூக்கந்தான். உங்களுக்கு ஒரு டீ போட்டுத் தரலாம், ஆனா நான் அடுப்படிக்குப் போனா இதை யாரு தொடுறது? நீங்க தொடுறீங்களா? வேண்டாமா, சரி.

என்னது, கருகுன வாசமா? எனக்கு ஒண்ணும் அடிக்கலையே. பக்கத்து வீட்ல மிளகாய் வறுத்துருப்பாக. மீட்டர்லருந்துதான் வருதுங்கீங்களா? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான இருக்கு தம்பி. ஓடுறதைப் போயி நோண்டுவானேன்? இதைத்தான் நான் எல்லாருகிட்டயும் சொல்றேன், எவரு காதுல விழுது.

அந்தப் போனு அடிக்கட்டும். அது எங்க வீட்டுக்காரருதான். அவுக மதுரையில ஆஸ்பத்திரியில செல்வி கூட இருக்காக. என்னத்தைச் சொல்லப் போறாக, வா, வான்னு கூப்பிடுறதைத்தான். அடிச்சு ஓயட்டும்.

என் மகளுக்கு ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு தம்பி. காலேஜுல ரெண்டாம் வருசம் படிச்சுக்கிட்டு இருந்தா. காலு வீங்குது, காலு வீங்குதுன்னா. பஸ்ல நின்னுக்கிட்டே போறல்லா, அதான் வீங்குதுன்னு நாந்தான் வெந்நியில உப்புப் போட்டு ஊத்துனேன். பிறகு மூஞ்சி வீங்குச்சு. பிறகு வாரத்துக்கு மூணு நாளு மெஷின்ல படுக்கணும்னு ஆகிப் போச்சு. ரத்தத்தை வெளிய எடுத்துக் கழுவி உள்ள விடுறான். நான் அந்த ரூமுக்குள்ள போனதே இல்ல. வாசல்ல உக்காந்திருப்பேன். அந்தக் குழாயில ஓடுறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்தும். பயமெல்லாம் இல்ல, தலை சுத்தும். வீட்டுக்கு வந்தா சோறு இறங்காது, தண்ணி அளந்துதான் குடிக்கணும், படிக்க உக்காந்தா கண்ணு சொருகும். என் நாத்தனா மகன் சென்னையில இருக்கான், அவன்தான் புதுப் பெட்டி வாங்கினதும் இந்தப் பழைய பெட்டியைக் கொண்டாந்து குடுத்தான். பொழுது போகட்டும் அத்தைன்னான்.

எனக்கு முதல்ல பிடிக்கவே இல்ல. பொட்டப் பிள்ளை இருந்துக்கிட்டு ஒரு நாளு பூராம் வெட்டு, குத்துன்னு. ஒருநாள் அவளே என்னை இழுத்துப் பக்கத்துல உக்கார வச்சு, இந்த ரெண்டாவது ரிமோட்டைக் கையில திணிச்சா. "சும்மா சுவத்தையே பாத்துக்கிட்டு அழுறதுக்கு, வந்து ரெண்டு பேரை அடிம்மா"ன்னா. நானா அழுதேன்? நான் அழவே மாட்டேன். கண்ணு எரியும், அம்புட்டுத்தான்.

தம்பி, உண்மையைச் சொல்றேன், அதுக்குப் பிறகு எனக்கே அது பிடிச்சுப் போச்சு. முதல்ல என் தொந்திக்காரன் சுவத்துல போயி முட்டிக்கிட்டு நிப்பான், செல்வி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. அவ சிரிக்கிறாளேன்னே நான் வேணும்னு ரெண்டு தடவை முட்ட விடுவேன். பிறகு அடிக்கப் படிச்சுக்கிட்டேன். ஒரு வீசு வீசுனா பத்துப் பேரு பறக்கான்! அந்த அரக்கப் பயலுகளுக்கு ஜப்பான்காரன் என்ன பேரு வச்சிருக்கானோ, செல்வி அவ ரத்த ரிப்போர்ட்லருந்து பேரு வச்சா. சின்னப் பயலுக எல்லாம் யூரியா. தடியா கொம்பு வச்சு வர்றவன் கிரியாட்டினின். கொட்டு அடிச்சுக்கிட்டு வர்றவன் பொட்டாசியம். அவன் வந்தா மட்டும் அவளுக்கு மூஞ்சி மாறிரும். "அம்மா, பொட்டாசியம் வாரான், அவனை முதல்ல அடி, அவன்தான் நெஞ்சை நிறுத்துறவன்"ம்பா. நான் அடிப்பேன் பாருங்க, ஆத்திரம் தீர அடிப்பேன். நாங்க ரெண்டு பேரும் சேந்து எத்தனை ஆயிரம் பேரைக் கொன்னிருப்போம்னு கணக்கே இல்ல. மறுநாள் ரத்தம் பாத்தா எல்லாம் அப்படியே ஏறித்தான் இருக்கும். இருந்தாலும் கொன்னோம்.

இருங்க, பட்டனு. ஆங்.

இந்த மேல, ஆளு தலைக்கு நேரா ஒரு சிவப்புக் கோடு தெரியுதா? அதுதான் உசுரு. என் கோடு, பாருங்க, முழுசா இருக்கு. செல்வி கோடு, பாருங்க, நக அளவுக்கு நிக்குது. இதுல ஒரு வழி உண்டு. ஒருத்தருக்கு உசுரு இறங்கிட்டா இன்னொருத்தரு பக்கத்துல போயி, இந்தா ரிமோட்ல வட்டம் போட்ட பட்டன், இதை அமுக்கிப் பிடிச்சா, இவரு உசுருல பாதி அவருக்குப் போயிரும். நான் விழுந்த போதெல்லாம் செல்வி எங்க நின்னாலும் ஓடியாந்துருவா. அவ்வளவு கூட்டத்தையும் பிளந்துக்கிட்டு வந்து குடுத்துருவா. நான் அவளுக்குக் குடுத்தது இல்ல. "அம்மா, பக்கத்துல வா, வட்டத்தை அமுக்கு, வட்டத்தை அமுக்கு"ன்னு கத்துவா. நான் போகமாட்டேன். பயம்னு நினைக்காதீங்க, யோசனை. நானும் பாதியாயிட்டா, ரெண்டு பேரும் அரைகுறையா நின்னா, பிறகு வாசலை யாரு காக்குறது? முழுசா ஒரு ஆளாவது வேணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

போன மாசம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டாரு. மெஷின்ல ரொம்ப நாளைக்கு ஓட்ட முடியாது, வீட்ல யாராவது ஒரு கிட்னி குடுக்கணும்னாரு. எங்க வீட்டுக்காரரு உடனே சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு நின்னாக. ரத்தம் எடுத்தாக. இவுகளுக்குச் சக்கரை, ஆகாதுன்னுட்டாரு. அப்புறம் டாக்டர் என்னைப் பாத்தாரு. ஒண்ணும் பெருசா சொல்லல. "அம்மா, நீங்க ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்"னாரு. செல்வி சுவத்துல இருந்த காலண்டரைப் பாத்துக்கிட்டு இருந்தா.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சும்மா இருக்கலை. மறுநாள் விடிஞ்சதும் விடியாததுமா எங்க தெரு மாரியம்மன் கோயிலுக்கு ஓடுனேன். பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுற நேரம். ஆத்தா, என் பிள்ளையைக் குணமாக்கிக் குடு, உனக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்னு நேந்துக்கிட்டுக் காப்புக் கட்டிட்டேன். இந்தா, பாருங்க, மஞ்சக் காப்பு. வர்ற செவ்வாய்க்கிழமை வெறுங்கையில தீச்சட்டி ஏந்தி ஊரைச் சுத்தி வரணும். ஏந்துவேன். தீயை ஏந்துற கை ஊசிக்குப் பயப்படுமா? சொல்லுங்க. ஆனா காப்புக் கட்டிட்டா ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது, அது உங்களுக்கே தெரியும். மதுரைக்கு எப்படிப் போக? அதுவும் போக, காப்புக் கட்டின உடம்புலருந்து ரத்தம் எடுக்கலாமா? ஆத்தா குத்தமாயிராதா? இதைச் சொன்னா என் நாத்தனா போன்ல கத்துறா. "மதினி, கட்டுறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டாமா"ங்கிறா. யோசிச்சுத்தான கட்டுனேன். அவளுக்கு என்ன, ஒத்த மகன், கல்லு மாதிரி இருக்கான். பெத்தவ பாடு அவளுக்கு என்ன தெரியும்.

எங்க அக்கா ஒருத்தி இருந்தா தம்பி. கர்ப்பப்பையை எடுக்கணும்னு ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போனாக. தலையில பிச்சிப்பூ வச்சுக்கிட்டு, நடந்துதான் போனா. "வெள்ளத்தாயி, உலையில அரிசி போட்டு வையி, வந்து சாப்பிடுறேன்"னு என்கிட்ட சொல்லிட்டுப் போனா. படுக்க வச்சுத்தான் கொண்டாந்தாக. பிச்சிப்பூ வாடக்கூட இல்ல. அதுலருந்து எங்க வீட்ல யாரும் பிச்சிப்பூ வைக்கிறது இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

ஆனா ஒண்ணு தம்பி. என் மக தங்கம். ஒரு நாளு, ஒரு வார்த்தை, அம்மா எனக்கு ஒரு கிட்னி குடுன்னு என்னைக் கேட்டதில்ல. அப்பா கேப்பாரு, அத்தை கேப்பா, டாக்டர் கேப்பாரு. அவ கேட்டதே இல்ல. அப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெத்திருக்கேன் நான்.

வியாழக்கிழமை மத்தியானம் மெஷின்லருந்து வந்தா. உடம்பு லேசா சுட்டுச்சு. படுன்னேன். "இல்லம்மா, கடைசிக் கோட்டை, இன்னைக்கு முடிச்சிரலாம்"னா. சரின்னு நானும் உக்காந்தேன். காப்புக் கட்டின பிறகு அதுதான் முதல் ஆட்டம்; உக்காந்ததும்தான் எனக்கு உறைச்சது, கையில காப்பு இருக்கே. காப்போட ஒரு உசுரைக் கொல்லலாமா? ஈ எறும்பை மிதிக்காம பாத்துப் பாத்து நடக்கேன், எறும்புப் பொடியைக் கூடத் தூக்கி உள்ள வச்சிட்டேன். "செல்வி, நான் அடிக்கமாட்டேன், சும்மா நிப்பேன்"ன்னேன். "அம்மா, அது பொம்மைம்மா"ன்னா. பொம்மைன்னாலும் கொலை கொலைதானே. கேடயத்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கேன், நீ ஆடுன்னேன்.

ஒத்தையில ஆடுனா தம்பி. நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அலையலையா வந்தானுக. இவ ஈட்டியைச் சுழட்டிச் சுழட்டி, ஒருத்தன் விழுந்தா நாலு பேரு வாரான். "அம்மா, இடது பக்கம் ஒரு அடி குடு, ஒரே ஒரு அடி"ங்கிறா. நான் காப்பைத் தூக்கிக் காமிக்கேன். கொட்டுச் சத்தம் கேட்டுச்சு, பொட்டாசியம் வந்துட்டான். அவ மூஞ்சியெல்லாம் வேர்வை. நான் ஆட்டத்துல வேர்க்குதுன்னு நினைச்சேன். "அம்மா, பக்கத்துல வா, வட்டத்தை அமுக்கு"ன்னா. குரலே எழும்பல. நான் வாசலை விட்டு நகரல. அப்பதான் அவளுக்குப் பல்லு தந்தி அடிக்க ஆரம்பிச்சது. நடுக்கம்னா அப்படி ஒரு நடுக்கம். மெஷினுக்குன்னு கழுத்துல போட்டிருந்த குழாய் வழியா கிருமி ஏறிட்டுதாம். இவுக ஆட்டோ பிடிச்சு, இங்க ஆஸ்பத்திரியில பாத்து, உடனே மதுரைக்குக் கொண்டு போங்கன்னு சொல்லி, ஆம்புலன்ஸ்ல ஏத்தி. ஆனா பாருங்க, அந்த நடுக்கத்துலயும் என் பிள்ளை விரலை வச்சு ஆட்டத்தை நிறுத்திட்டுத்தான் எந்திரிச்சா. "அமத்திராதம்மா, நான் வந்து முடிக்கேன்"னா. அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அவ வர்ற வரைக்கும் இந்தக் கோட்டையை விடமாட்டேன். அவுக அங்க காக்கட்டும், நான் இங்க காக்கேன். இது அணைஞ்சா என் பிள்ளைக்கு என்னமாவது ஆயிரும் தம்பி. ஆயிரும். எனக்குத் தெரியும்.

என்ன தம்பி, திரும்ப எங்க போறீங்க? அய்யோ, பொக வருதா? எங்க? ஆமா. ஆமா, லேசா வருது. அப்ப கண்டிப்பா அமத்தணுமா? விட்டா வீடே தீப்பிடிச்சிருமா? கூரை ஓலை இல்லையே, காரைதானே. இல்ல இல்ல, நீங்க சொன்னாச் சரி. உங்க வேலை உங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு உதவி. கொஞ்சம் பொறுங்க. எப்படியும் போகப் போகுதுன்னா, போறதுக்கு முன்னாடி அவளுக்கு அந்த உசுரை மட்டும் குடுத்துர்றேன். நக அளவுல விட்டுட்டுப் போகக்கூடாது தம்பி, என் பிள்ளையை. முழுசா எந்திரிச்சு நின்ன பிறகு அமத்துங்க, அது வேற. மண்டி போட்டுக் கிடக்கையில அமத்தக்கூடாது. இந்தா, ரிமோட்டை எடுத்துட்டேன். நீங்க அந்த மெயின் பக்கத்துலயே நில்லுங்க. பொக கூடுனா அமத்திருங்க, ஆனா அதுக்கு முன்னாடி வேண்டாம்.

ஆத்தா, மாரியாத்தா. ஓட விட்டுட்டேன்.

ஏய், தள்ளு! தள்ளுங்கடா! பாருங்க தம்பி, எப்படி மொய்க்கானுக பாருங்க. அவகிட்டப் போக விடமாட்டேங்கானுக. நான் அடிக்கல, கேடயத்தை வச்சுத்தான் நெட்டுறேன். நெட்டுனா அசையமாட்டேங்கான். முழுசா இருந்த என் கோடும் இறங்குது பாருங்க. செல்வி, இந்தா வந்துட்டேன், இந்தா. போனு வேற அடிக்குது. கையை எடுக்க முடியாது தம்பி. அய்யோ, அந்தா, கொட்டுக்காரன்! அவன் செல்விகிட்டப் போறான், அவளைத்தான் பாத்துப் போறான். கம்பை ஓங்கிட்டானே. ஓங்கிட்டானே!

ஆத்தா, கண்ணை மூடிக்க!

செத்தான். செத்தான் பாருங்க. ஒரே அடி. இவனையும். இவனையும். வாங்கடா, வாங்க! என் பிள்ளை நெஞ்சையா நிறுத்த வாரே? இந்தா வாங்கிக்க. வந்துட்டேன் செல்வி, பக்கத்துல வந்துட்டேன். வட்டம், வட்டம், எங்க இருக்கு, இந்தா. அமுக்கிட்டேன். பிடிச்சிருக்கேன். போகுதா? போகுது. ஏறுது பாருங்க, அவ கோடு ஏறுது! எந்திரிக்கா. எந்திரிச்சிட்டா.

நிறுத்திட்டேன். ஆங். நிறுத்திட்டேன்.

பாதி தம்பி. அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. பாருங்களேன், இந்தத் தொந்திக்காரன் விழலையே. பாதியை எடுத்தும் நிக்கானே. முன்ன நின்னது மாதிரியேதான நிக்கான்? நான் விழுந்துருவான்னுல்ல நினைச்சேன். அவ்வளவு பேரையும் கொன்னுட்டேன், காப்புக் கட்டின கையால. நீங்களே பாத்தீங்க.

போனு இன்னும் அடிக்குதே. எடுங்க தம்பி, நீங்களே எடுங்க. நான் இந்த ரிமோட்டை விடமாட்டேன். அவுககிட்ட சொல்லுங்க, வெள்ளத்தாயி உசுரைக் குடுத்துட்டா, செல்வி எந்திரிச்சிட்டான்னு. யாரு? செல்வியா? செல்வியே பேசுறாளா? குரலு எப்படி இருக்கு? மூச்சு வாங்குதா? வேண்டாம், என்கிட்ட குடுக்காதீங்க, நீங்களே கேளுங்க. என்ன சொல்றா?

சாப்பிட்டேனான்னு கேக்காளா. சாப்பிட்டேன்னு சொல்லுங்க.

தூங்குனேனான்னா? தூங்குனேன்னு சொல்லுங்க.

என்னது? பெட்டியை அமத்திரச் சொல்றாளா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. அவ அப்படிச் சொல்லமாட்டாளே. அந்தச் சண்டை தனக்கு அத்துப்படி, முதல்லருந்தே ஆடிக்கிடுவேன், அம்மாவைப் போயி நல்லாப் படுத்துத் தூங்கச் சொல்லுங்கன்னா? அப்படியா சொன்னா?

வேற என்ன சொன்னா? வரச் சொன்னாளா? என்னை வரச் சொன்னாளா தம்பி? இல்லையா. வச்சிட்டாளா.

கேக்கமாட்டா தம்பி. அவ கேக்கவேமாட்டா. செத்தாலும் கேக்கமாட்டா.

பொக கூடிருச்சு, ஆமா, எனக்கும் அடிக்குது வாசம். அமத்துங்க. அந்தப் பெட்டியையும் அமத்திருங்க, டிவியையும். மதுரை பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு தெரியுமா? பைபாஸ்ல போயி நின்னா வருமா? வரும். இருங்க, மீட்டர் பிறகு. உங்க இடுப்புல கட்டிங் பிளேயர் தொங்குதுல்ல, அதை எடுங்க. இந்தா என் கையி. காப்பை வெட்டுங்க. வெட்டக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஆத்தாகிட்ட நான் திரும்பி வந்து பேசிக்கிடுறேன். வந்தா பேசிக்கிடுறேன். நீங்க ஏன் யோசிக்கீங்க? பாவம் எனக்கு, உங்களுக்கு இல்ல. மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு வெட்டுங்க.

வெட்டுங்க தம்பி. மனசு மாறுறதுக்குள்ள வெட்டுங்க.